முந்தானையில் முடிந்த மண்

கல்லூரியில் கிரேக்கப் புராணம் நடத்தும்போது, எரினீஸ் வந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மூன்று சகோதரிகள். தலையில் பாம்பு, கண்ணில் ரத்தம். பாவம் செய்தவனைத் தூங்கவிடாமல் துரத்துவார்கள். ரோமாபுரியில் அவர்களுக்கு ஃப்யூரிகள் என்று பெயர். கிரேக்கர்களோ பெயரைச் சொல்லவே பயந்துபோய் ‘கருணை மிக்கவர்கள்’ என்று கூப்பிட்டார்களாம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அட, இதென்ன அதிசயம்! கோட்டுச்சேரிமேட்டில் மீன் விற்கும் என் மூன்று அத்தைகளை அவர்கள் பார்த்ததில்லையே.

எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை, பத்திரிகை அடித்த பிறகு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டான். நான் அழுதேன். அத்தைகள் அழவில்லை.

“நம்ம புள்ளைய அழவச்சவன் வாசல்ல மண்ணை வாரித் தூத்தாம எனக்குச் சோறு இறங்காது” என்றார் பெரியத்தை.

எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. பாழாய்ப்போன மனசு, அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் கிடந்து அடித்துக்கொண்டது. “வேணாம் அத்தை” என்று பின்னாலேயே ஓடினேன். யார் கேட்டார்கள்!

ஆளுக்கொரு பிடி மண்ணோடு அவன் வாசலில் போய் நின்றார்கள். அவன் அம்மா வெளியே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

“நேத்து தொழிலுக்குப் போன புள்ள இன்னும் கரை வரலக்கா. மத்த போட்டெல்லாம் வந்துருச்சு.”

ஓங்கிய கைகள் அப்படியே இறங்கின. கடலில் இருப்பவனுக்கு எங்கள் ஆட்கள் சாபம் விட மாட்டார்கள். கூடப் போனவர்களும் அதே படகில்தானே இருக்கிறார்கள்.

“சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?” என்று பெரியத்தை அந்த அம்மாளிடமே எரிந்து விழுந்தார். மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார். சின்னத்தை அவர்கள் அடுப்படியிலேயே டீ போட்டு அந்த அம்மாளைக் குடிக்க வைத்தார். பிறகு எல்லோரும் கடற்கரையில் போய் உட்கார்ந்தோம். வேண்டாத தெய்வமில்லை.

உச்சி வெயிலில் படகு வந்தது. இஞ்சின் கோளாறாம். கரையில் கால் வைத்தவன் அத்தைகளைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டான். பெரியத்தை முந்தானை முடிச்சில் கை வைத்தார். அவனை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார்.

“போடா, போயி சோத்தைத் தின்னு. ஒங்க அம்மா காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல.”

டீ குடித்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். “ஏன் அத்தை தூத்தல?”

“ஈர மண்ணுடி. பறக்காது” என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்து உதறினார். அவ்வளவும் பறந்து வந்து என் கண்ணில் விழுந்தது.