பெற்றோலைக் கூட்டினால் சூடு குறையும்

என் அக்கா தென் ஜெர்மனியில் ஒரு மலையடிவாரத்தில் வீடு வீடாகப் போய் நோயாளர்களைப் பார்க்கும் நேர்ஸ். அவர்களில் ஒருவர் மலைக்கு மேலே தனி வீட்டில் இருக்கும் கிழவர். பசுக்களை எல்லாம் விற்ற பிறகும் கீழே இறங்கி வர மாட்டேன் என்று அடம்பிடிப்பவர். காலில் ஆறாத புண், தினமும் கட்டு மாற்ற வேண்டும். பனிக்காலத்தில் அங்கே கார் ஏறாது. அதனால் விசேட அனுமதி எடுத்து, முன்னால் சறுக்குக் கட்டையும் பின்னால் ரப்பர் பட்டியும் உள்ள ஒரு பழைய பனிவண்டியில் அக்கா போய் வருவார். ஊரில் சைக்கிளுக்கே பயந்தவர். எனக்கு இன்றுவரை நம்ப முடியாத சங்கதி இது.

போன மாரியில் ஒருநாள் அந்த வண்டி செங்குத்தான வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அக்கா வண்டியை அங்கேயே விட்டு, முழங்கால் பனியில் மிச்சத் தூரத்தை நடந்து போய்க் கட்டு மாற்றிவிட்டு, சூடாறிய வண்டியில் திரும்பியிருக்கிறார். அவரது மேலாளருக்கு அது தெரிந்துவிட்டது. இன்னொரு தடவை நின்றால் கிழவரைக் கீழே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார். நான் வடக்கே ஹம் நகரத்தில் மோட்டார் மெக்கானிக். அக்கா அன்றைக்கே எனக்கு போன் எடுத்தார்.

"அந்த மனுசன் கீழ வந்தா ஒரு மாசம் தாங்காது. நீ வந்து ஒருக்கா பார்."

ரயில் மாறி மாறி இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்தேன். வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பால்த்தேத்தண்ணி நிறத்தில் இருக்க வேண்டிய நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் பொடிப்பொடியாக அலுமினியம் மின்னியது. பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், நல்லவேளையாக இன்னும் ஓட்டை விழவில்லை. பெற்றோல் காணாமல் எஞ்சின் வெந்துகொண்டிருந்தது.

எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் போக வேண்டும் என்பதை அந்த வண்டியில் ஒரு சின்னக் கருவி தீர்மானிக்கிறது. சவர்க்காரக் கட்டி அளவு, மேலே சில பொத்தான்கள். இதை யார் தொட்டது என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற அத்தான், அக்காவின் கணவர், கூரையில் இருந்த பனியை ஆராயத் தொடங்கினார். பிறகு, வண்டி கண்டபாட்டுக்குக் குடிக்கிறது என்று கொஞ்சம் குறைத்துவிட்டதாகச் சொன்னார்.

எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவரை என்ன சொல்வது? பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மனிதர். நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து எழுப்பி, பிறகு எண்ணெய் விடும் திருகாணியை இறுக்கி இறுக்கி ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் சாவகச்சேரிக்குப் போய் வந்த கை அது. எதைக் கண்டாலும் குறைக்கத்தான் வரும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அத்தான் அதை ஆல்ப்ஸ் மட்டும் கொண்டுவந்திருந்தார்.

பெற்றோலைக் கூட்டப் போகிறேன் என்றதும் அவர் தடுத்தார்.

"பெற்றோலைக் கூட்டினா நெருப்புத்தான் கூடும். நீ சூடு குறையும் எண்டுறாய்?"

"ஓம் அத்தான். உங்கடை மோட்டார் சைக்கிள் தன்ரை பாட்டுக்குத்தான் மூச்சு இழுத்தது. இதுக்குள்ள டர்போ காத்தை அமத்தித் திணிக்குது. அவ்வளவு காத்துக்கும் பெற்றோல் காணாட்டி எல்லாம் உருகும். மிஞ்சி வாற பெற்றோல்தான் அதைக் குளிர வைக்கிறது."

அவர் நம்பவில்லை. சமதரையில் மெல்ல ஓடும்போது வண்டிக்குக் குறை ஒன்றும் இல்லை, அதனால் அந்த அளவை நான் தொடவில்லை. டர்போ வேலை செய்யும்போது போகும் அளவை மட்டும் கூட்டினேன். முதல் தடவை அதிகமாகிவிட்டது. எஞ்சின் புரையேறியது மாதிரி இருமியது. ஒரு படி குறைத்தேன். பழைய பிளக்கை வீசிவிட்டுப் புதியதைப் பூட்டினேன். சரிதானா என்பதை அந்த வளைவுதான் சொல்ல வேண்டும்.

அக்கா ஓட்ட, நான் பின்னால் இருந்து அவரது தோளுக்கு மேலால் வெப்பம் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு வந்தது. அக்கா விசையை முழுக்க அழுத்தினார். டர்போ விசிலடித்தது. வண்டிக்குள் எரிகிற நெருப்பு இன்னும் பெரிதாகியிருக்க வேண்டும், ஆனால் திரையில் எண் ஏறிக்கொண்டு போய் ஓரிடத்தில் தயங்கி, பிறகு மெல்ல இறங்கியது. இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். தொழிற்பயிற்சியில் எழுதிப் பாஸ் பண்ணியவன் நான். ஆனாலும் எரிகிற பொருளே நெருப்பைத் தணிப்பதை அந்த வெள்ளை மலையில், என் கூடப்பிறந்தவரின் கைக்குள் கண்டபோது மெய் சிலிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வளைவைத் தாண்டிய அக்காவின் தோள்களைப் பார்த்தும் சிலிர்த்தது. எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மேலே வீட்டு வாசலில் கிழவர் நின்றிருந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய சூட்கேஸ், கயிறு கட்டியபடி. மலைப்பேச்சில் ஏதோ சொன்னார், எனக்குப் பாதிதான் விளங்கியது. அக்கா தமிழில் சொன்னார்.

"நேற்று வண்டிச் சத்தம் வளைவில நிண்டதோட, இனிக் கீழ போகத்தான் வேணும் எண்டு இவர் உடுப்பெல்லாம் அடுக்கிப்போட்டாராம். இண்டைக்குச் சத்தம் நிக்கேல்லையாம்."

சொல்லி முடித்தவர், மருந்துப் பையை என் கையில் தந்துவிட்டு முதலில் அந்த சூட்கேஸைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனார்.