யோகத்தின் வீடு

பனி அள்ளும் லொறியை ஓட்டுகிற கிழவர் காலையில் எங்கள் வாசலில் நிறுத்திக் கையை ஆட்டுவார். ரேடியோவில் தன் ஆட்களிடம் என் பெயரைச் சொல்லி "சிவத்தின் வீட்டடியில் நிற்கிறேன்" என்பார். "நோ, நோ, யோகம்ஸ் ஹவுஸ்" என்று மனைவியின் பெயரைச் சொல்லி நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன். அவரும் ஒவ்வொரு முறையும் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். மனிற்றோபா மாகாணத்தின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து இவ்வளவு காலமாகியும், ஒரு வீட்டை ஆம்பிளையின் பெயரால் சொல்வது எனக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரித்தான் இருக்கிறது.

மட்டக்களப்பு ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. தாயின் வீடு மகளுக்குப் போகும். மகன் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். நான் பழுகாமத்தில் பிறந்தவன், அந்த வீடு அக்காவுக்கு. ஒரு பெட்டியோடு வாவியைக் கடந்து கல்லடிக்கு வந்து யோகத்தைக் கட்டினேன். கலியாணத்தன்று அவளுடைய தம்பி வழக்கப்படி என் காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போனான். மாமி நல்ல மனுசி, வாய் மட்டும் பெரிசு. "மருமகன், இந்த வீட்டில சோறும் என்ட, சத்தமும் என்ட. ரெண்டையும் வாங்கிக்கங்க" என்பா. இரண்டும் எனக்குக் குறைவில்லாமல் கிடைத்தன.

சுனாமி வந்த காலை நானும் யோகமும் பாலத்துக்கு அங்கால், டவுனில் இருந்தோம். முதல்நாள் நத்தார், கிறிஸ்மஸ் விருந்துக்குக் கூப்பிட்ட கூட்டாளி வீட்டில் தங்கிவிட்டோம். மாமி வீட்டுக்குக் காவலாக நின்றுவிட்டா. நாங்கள் திரும்பிப் போனபோது வாசல்படி மட்டும் இருந்தது. யோகம் அதில் ஏறி நின்றாள். உள்ளே போக ஒன்றுமில்லை. மாமியை நாங்கள் கடைசிவரை கண்டெடுக்கவில்லை.

கடற்கரையில் இனிக் கட்டக்கூடாது என்றார்கள். உள்ளே, வாவிப் பக்கமாக ஒரு நிறுவனம் வீடு கட்டித் தந்தது. பெயர் பதிய வந்தவர் "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார். யோகம் வாய் திறக்குமுன் என் பெயரை எழுதிவிட்டார்.

"ஐயா, போன காணி இவட. வீடும் இவட பேரில வரவேணும்" என்றேன்.

"தலைவர் எண்டா ஆம்பிளைதானே, அண்ணன். பின்னால லைன் நிக்குது, தள்ளி நில்லுங்க."

நான் தள்ளி நின்றேன். பிறகு மாற்றக் கேட்டபோது, கொஞ்சக் காலத்துக்கு உறுதிப் பத்திரத்தில் கைவைக்க ஏலாது என்றார்கள். புது வீட்டுக்குப் போன அன்று யோகம் சொன்னாள்: "ஒரு வீட்டைக் கடல் கொண்டு போச்சு. மற்றத இவங்க கொண்டு போனாங்க. நான் இப்ப உங்கட வீட்டில குந்தி இருக்கன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டுச் சுவரில் படம் கொழுவ ஒரு ஆணிகூட அவள் அடிக்கவில்லை.

பிறகு திரும்பவும் சண்டை. கதிரவெளிப் பக்கத்துச் சனம் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தது. ஆம்பிளைகள் வீதியில் நிற்கப் பயந்த காலம். யோகத்தையும் கைக்குழந்தையாக இருந்த மகள் துளசியையும் விட்டுவிட்டு, தெரிந்த வெல்டிங் வேலையை நம்பிக் கட்டாருக்குப் போனேன். யுத்தம் முடிந்த கையோடு அங்கிருந்தே கனடா வேலை கிடைத்தது. பெரிய நகரங்களுக்கு ஆட்கள் தாங்களாகவே போய்ச் சேருவார்கள், இப்படிப்பட்ட ஊர்களை யார் தேடி வருவார்கள்? ஆகவே மாகாணமே தனக்கு வேண்டிய கைவேலைக்காரரைப் பார்த்து, "இவர் எங்களுக்குத் தேவை" என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கும். அறுவடை மெசின் செய்கிற தொழிற்சாலையில் நான் இரும்பு ஒட்டினேன், மாகாணம் எனக்காக எழுதியது. நிரந்தர வதிவிடம், எங்கள் ஆட்கள் சொல்கிற பி.ஆர்., எனக்கு மட்டுமல்ல, மனைவி பிள்ளைக்கும் சேர்த்தே கிடைத்தது.

மூச்சு வாங்க யோகத்துக்கு ஃபோன் எடுத்தேன்.

"அதில நான் ஆராம்?" என்று கேட்டாள்.

"பிரதான விண்ணப்பகாரர் நான். நீயும் துளசியும் என்னில தங்கி இருக்கிற ஆக்கள்."

"அங்கயும் நீங்கதான் தலைவரோ? நான் வரல்ல. துளசிய வேணுமெண்டா அனுப்புறன்" என்றாள்.

வைத்துவிட்டாள். இரண்டு பேரும் வந்து இறங்குவதற்கு ஒரு தவணை உண்டு. அது தாண்டினால் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற நாள் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? துளசி நடக்கப் பழகியதையே நான் ஃபோனில்தான் கேட்டவன்.

வேலைத்தலத்தில் என் முகத்தைப் பார்த்து போர்மன் டக் காரணம் கேட்டான். எங்கள் ஊரில் ஆம்பிளைதான் மனைவியின் தாய் வீட்டுக்குப் போவான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவன் நெடுநேரம் யோசித்தான். "மாமியாரோடா இருந்தாய்?" என்று கேட்டு என் தோளைத் தட்டினான். பின்னேரம் ஒரு பெட்டி பியர் கொண்டு வந்து தந்தான். அவ்வளவு அனுதாபம்!

அந்தப் பியரைக் குடிக்கும்போதுதான் யோசனை வந்தது. அவர்கள் வருவார்களென்று நான் வாடகைக்குப் பிடித்து வைத்திருந்த வீட்டின் சொந்தக்காரி டார்லீனிடம் போய், வாடகை ஒப்பந்தத்தை என் மனைவியின் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். டார்லீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினா. "பொலிஸ் உன்னைத் தேடுகிறதா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் விவாகரத்தா?" இல்லை, அவளை வரப்பண்ணத்தான் கேட்கிறேன் என்றேன். அந்த மனுசிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. அவள் வந்ததும் கையெழுத்துப் போடட்டும் என்றா. நான் தொழிற்சாலைக் கழிவு இரும்பில் எழுத்து வெட்டி, ஒட்டி, வாசல் தபால் பெட்டியின் மேல் வைத்தேன். 'யோகம்', தமிழில்.

ஃபோனில் சொன்னேன்: "புள்ள, இஞ்ச வீடு உன்ட பேரில. நான் இன்னும் உள்ளுக்குப் பாய் போடல்ல, டக் வீட்டு நிலவறையில படுக்கிறன். நீ வந்து கூப்பிட்டாத்தான் வருவன்."

"பொய் சொல்றீங்க."

"டக்கக் கேளு."

"அவன் பேசுறது எனக்கு விளங்குமா, பேயா!" என்றாள். பேயா என்றால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

அவர்கள் வந்த அன்று நல்ல பனி. யோகம் தபால் பெட்டியின் முன்னால் நின்று இரும்பு எழுத்தைக் கையுறையோடு தடவிப் பார்த்தாள். திறப்பைக் கொடுத்தேன். கதவைத் திறந்து துளசியோடு உள்ளே போனாள். நான் வெளியில் நின்றேன். அடுப்பு மூட்டும் சத்தம், அலுமாரி திறக்கும் சத்தம், தண்ணீர்ப் பைப் சத்தம். மனுசி அவசரமில்லாமல்தான் வீட்டைப் பார்த்தாள். என் காது விறைத்தது.

கடைசியில் கதவடிக்கு வந்தாள். "என்ன மாப்பிள்ள, விறைச்சுச் சாகப் போறீங்களா? வாங்க உள்ளுக்கு." பிறகு மகளிடம், "மாமா இஞ்ச இல்ல. நீதான் அப்பாட காலத் துடைச்சு விடு" என்றாள். துளசி வாசல் கூட்டுகிற தும்புத்தடியால் என் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டாள்.

தேத்தண்ணி குடிக்கும்போது யோகம் முடிவாகச் சொன்னாள்: "இது எனக்கு. ஊர் வீட்ட மாத்த விட்டா, துளசிக்கு."

"அப்பாக்கு?" என்று துளசி கேட்டாள்.

"அப்பாக்கு என்னத்துக்கு வீடு? அவர் நம்மட வீட்டில இருக்கிறவர்."

ஊர் வீடு இப்போது துளசியின் பெயரில். இந்தச் சுவரில் மாமியின் படம் தொங்குகிறது, ஆணி யோகம் அடித்தது. கல்லடிக் கடற்கரையில் அந்த வாசல்படி இன்னும் கிடக்கிறதாம். கிழமைக்கு ஒருமுறை மச்சான் போய் அதில் ஏறிய மண்ணைக் கூட்டிவிட்டு வருகிறான். நான் இங்கே காலையில் எழும்பி, தும்புத்தடியோடு இறங்கி, அவளுடைய பெயரில் விழுந்த பனியைத் தட்டிவிடுகிறேன்.