கிளிக்கும் நரிக்கும் சண்டை இல்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷம் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், பெருமாளை நினைத்துக்கொண்டு நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். பத்தாவதோடு படிப்பு நின்றவள் என்பது ஒரு காரணம். நிஜமான காரணம் பயம். இதற்கு முன் ஊரார் படிக்கும்படி நான் எழுதியது ஒரே ஒரு தடவைதான். அதிலிருந்து பேனாவைத் தொட்டாலே கை கூசுகிறது.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். எனக்கு ஒரே மகள். தில்லை நகரில் வேலை முடிந்து சாயங்காலம் வந்ததும் மாடி அறைக்குப் போய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லைவ் போடுவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது. பச்சைத் தலைமுடியும் தோளில் ஒரு கிளியுமாக வரைந்த பொம்மைப் பெண்தான் தெரிவாள். இவள் கண் சிமிட்டினால் பொம்மையும் சிமிட்டும், இவள் சிரித்தால் அதுவும் சிரிக்கும். குரல் மட்டும் இவளுடையது. கேம் விளையாடுவாள், பாடுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பார்த்தார்கள்.

கூடவே வரும் இன்னொரு பொம்மைக்கு நரிக் காதும் நரி வாலும் இருக்கும். அதற்குக் குரல் கொடுத்தவள் என் மகளின் கல்லூரித் தோழி, புத்தூர்ப் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"ஆன்ட்டி, உங்க புளியோதரைக்காகத்தான் ஆத்தைத் தாண்டி வரேன். உங்க பொண்ணுக்காகன்னு நெனச்சுக்காதீங்க."

"அப்ப டப்பாவுல கட்டித் தரேன், மாடிக்குப் போகாம அப்படியே கெளம்பு," என்பாள் என் மகள்.

அந்தப் பெண்ணின் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், கண்டிப்பானவர். மகள் ஆன்லைனில் டியூஷன் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தப் பங்குனியில் என் வீட்டுக்காரரின் அண்ணன் தவறிப்போனார். பூக்கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் இல்லை, என் மகள்தான் அவருக்கு எல்லாம். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை எங்களுக்குத் தீட்டு. கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியம் எதிலும் கலந்துகொள்ளக் கூடாது.

ஆறாம் நாள் நரிப் பொம்மைக்குப் பிறந்தநாள். அது லைவில் முதன்முதலாக வந்த நாளை அப்படிக் கொண்டாடுவார்களாம். என் மகள் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை. ஹாப்பி பர்த்டே சொல்லிட்டு வந்துடறேன்."

"பதினாறு முடியட்டும்டி."

"பொம்மைக்குத்தானேம்மா பர்த்டே!"

"பொம்மையா இருந்தா என்ன, வாழ்த்து உன் வாயிலேர்ந்துதானே வரணும்? துக்க வீட்டு வாழ்த்து அந்தப் பொண்ணுக்கு ஆகுமா?"

"பெரியப்பா இருந்திருந்தா, போடி போய் சொல்லிட்டு வான்னுதான் சொல்லியிருப்பாரு."

அவள் அழுதாள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டாள். தோழிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "லூசு, இதுக்கா அழுவுற? ஆன்ட்டி சொல்றது சரிதான். நீ பெரியப்பாவுக்கு வேண்டிக்கோ, நானும் வேண்டிக்கிறேன்" என்றாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ரசிகர்கள் விடவில்லை. அவர்களுக்கு என் மகள் கிளி, தோழி நரி. கிளி ஏன் வரவில்லை என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் விடிகாலையில் தாயார் சன்னதிக்குப் போய் வருகிறவள் நான். தீட்டினால் அதுவும் இல்லாமல் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்து அவர்கள் எழுதுவதை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

நரி வந்தபிறகு கிளிக்குக் கூட்டம் குறைகிறது, அந்தப் பொறாமைதான் என்று ஒருவன் கோடு கோடாகப் படம் வரைந்து போட்டிருந்தான். கூட்டம் குறைந்தது பரீட்சை மாதம் என்பதால். "பழைய லைவ்ல பாருங்க, நரி பாடுனப்ப கிளி மைக்கை ஆஃப் பண்ணிடுச்சு. காண்டு!" என்று ஒருத்தி. அன்றைக்கு என் குக்கர் விசில் அடித்தது, அதனால் மைக்கை நிறுத்தினாள். நரி சொன்ன ஜோக்குக்குக் கிளி சிரிக்காமல் எழுந்து போனதை வைத்து இருபது நிமிஷ வீடியோ. நான்தான் காய்கிற துணியை எடுக்கச் சொல்லிக் கீழே கூப்பிட்டேன். அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் நிஜக் காரணம் என் வீட்டில் இருந்தது. தெரிந்துகொண்டு வாய் மூடி இருப்பது எனக்கு முடியவில்லை.

"எழுதிட்டுப் போகட்டும்மா. நாலு நாள்ல வேற யாரையாவது புடிச்சுக்குவாங்க" என்றாள் மகள். "வீட்டு விஷயம் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. அதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு."

பன்னிரண்டாம் நாள், அவள் வேலைக்குப் போயிருந்தபோது, அவளுடைய கடைசி லைவுக்குக் கீழே நான் கமெண்ட் எழுதினேன். எட்டு வரி. நான் கிளியின் அம்மா. இருவரும் கல்லூரியிலிருந்தே சிநேகிதிகள், சண்டை எதுவும் இல்லை. பெரியப்பா காலமாகிவிட்டதால் நான்தான் வாழ்த்து சொல்லக் கூடாது என்று தடுத்தேன். பன்னிரண்டு நாளாகத் தாயார் சன்னதிக்குக்கூடப் போகாமல் இருக்கிறேன், தாயார் அறிய இது சத்தியம். பெயர் எதுவும் போடவில்லை. சாவு வீட்டு விஷயம் தெருவுக்கே தெரியுமே, அதில் என்ன ரகசியம் என்று நினைத்தேன். பொய் சொன்னால்தானே பாவம் என்றும் நினைத்தேன்.

கிளி திருச்சிப் பெண் என்று முன்பே ஊகித்து வைத்திருந்தார்கள், தாயார் சன்னதி என்றதும் ஸ்ரீரங்கம் என்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் என்றதில் தேதி தெரிந்துவிட்டது. திருச்சியிலேயே இருக்கிற பையன்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து ஸ்ரீரங்கத்துச் சுவர்களைப் பார்த்திருக்கிறார்கள். பூ வியாபாரிகள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், தம்பி, தம்பி மனைவி, தம்பி மகள் என்று எங்கள் பெயரெல்லாம் இருந்தது. அந்தப் பெயரை வைத்து என் மகளின் கல்லூரிப் படம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஏதோ போட்டியில் பரிசு வாங்கிய படம். பக்கத்தில் அந்தப் பெண். கீழே இருவர் பெயரும் அச்சாகியிருந்தன.

கருமாதிக்கு முந்தின நாளே அந்தப் பெண்ணின் அப்பா போனுக்கு யாரோ எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார்கள். பாட்டையும் விளையாட்டையும் மட்டும் அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நரிப் பொம்மையைப் பார்த்து ஆண்கள் எழுதியிருந்த அசிங்கத்தையெல்லாம் பொறுக்கி எடுத்து அனுப்பியிருந்தார்கள். தகப்பன் ஒருவர் தன் மகளைப் பற்றி அதையெல்லாம் படித்திருக்கிறார்.

கருமாதி முடிந்த மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு புத்தூருக்குப் போனேன். அந்த வீட்டம்மா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினார்.

"உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லீங்க. அவங்க அப்பா மூணு நாளா ஸ்கூலுக்குப் போகல. பொண்ணு பார்த்துட்டுப் போன எடத்துலேர்ந்து வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"ஒரே ஒரு தடவை பிள்ளையைப் பார்த்துட்டுப் போயிடறேங்க."

"வேண்டாங்க. கோயிலுக்குப் போற மனுஷி நீங்க. எங்க பொண்ணுக்காக வேண்டிக்கங்க. ஆனா இங்க வராதீங்க."

பழத்தை அவர் வாங்கவில்லை. கேட்டின் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன்.

நரி அதன் பிறகு வரவில்லை. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல அவளை விடவில்லை. ரசிகர்கள் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். அம்மா என்று எழுதியது அம்மாவே இல்லை, கிளிதான் பொய்ப் பெயரில் எழுதி நரியைக் காட்டிக்கொடுத்தது, கூட்டம் முழுக்கத் தனக்கே வரவேண்டும் என்று. கூட்டம் வரத்தான் செய்தது. அதையே சாட்சி என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து வேறு யாருடைய நம்பரிலிருந்தோ அந்தப் பெண் போன் செய்தாள். என் மகள் ஓடிப்போய் எடுத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அவள் நலம் விசாரிக்கவில்லை. ஒரே கேள்விதான்.

"அதை எழுதுனது ஆன்ட்டியா, நீயா?"

"நீயே இப்படிக் கேக்குறியா?" என்றாள் என் மகள். நான் போனை வாங்கி, "நான்தாம்மா, நான்தான் எழுதினேன்" என்று கத்தினேன். அதற்குள் அந்தப் பெண் வைத்துவிட்டாள். அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டால் ரிங் போவதே இல்லை.

இல்லாத சண்டையை இருக்கிறது என்று ஆயிரம் பேர் சொன்னார்கள். இப்போது அது இருக்கிறது. என் மகள் கம்ப்யூட்டரை விற்றுவிட்டாள். என்னோடு பேசுகிறாள், சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். அவள் சிரித்து நான் கேட்கவில்லை. தினமும் தாயார் முன்னால் நிற்கிறேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்பதும் தெரியவில்லை. கல்யாணமாகி எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் இருக்கிறாள் என்கிறார்கள், வெளிநாடு என்கிறார்கள். விசாரிக்கவும் பயமாக இருக்கிறது. நான் விசாரித்தால் அதிலிருந்து இன்னொன்று கிளம்பும்.

என் மகளுக்கே தெரியாமல் எழுதிய அந்த எட்டு வரியை அவள் அன்றைக்கே அழித்துவிட்டாள். படம் பிடித்து வைத்திருந்தவர்கள் இன்னும் அதைச் சுற்றுக்கு விடுகிறார்கள். நான் எழுதாத வரியெல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்வதானால் எழுதியபடியே சொல்லுங்கள். அந்தப் பெண்கள் யார் என்று தேடாதீர்கள். எனக்காக இரக்கப்பட்டு, பாவம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். எந்த வழியிலாவது இது அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தால், எழுதியது நான், என் மகள் இல்லை என்ற இந்த ஒன்றாவது மாறாமல் போய்ச் சேரட்டும்.