முழங்கை பார்க்கும் பர்கிஸ் அம்மாள்

முகத்தைப் பார்க்கமாட்டாள், முழங்கையைத்தான் பார்ப்பாள். மாதாந்திர நடனத்துக்காகச் சத்திரத்து மாடிக்கு ஏறிவரும் எந்த வாலிபனின் கோட்டு முழங்கையும் பர்கிஸ் அம்மாளின் சோதனைக்குத் தப்பாது. "பாத்தியா, பளபளன்னு தேஞ்சிருக்கு. இவன் பொண்ணு தேடல மார்த்தா, சோறு தேடுறான்" என்று விசிறி மறைவில் என் காதோடு சொல்வாள்.

அம்மாளுக்குப் பெண் ஒன்றுதான், டார்கஸ். ஆனால் கவலை என்னவோ ஐந்து பெண்களைப் பெற்றவளுடையது. கல்யாணமாகாத எவனாவது எங்கள் ஊர் ஹாலோபரிக்குக் குடிவந்தால், அவன் பெட்டியை இறக்குவதற்குள் அவனுடைய வாரிசில்லாத பணக்காரப் பெரியம்மாவின் உடல்நிலை வரை விசாரித்துவிடுவாள். பெரியம்மாவுக்கு நாள்பட்ட இருமல் என்றால், "ஐயோ பாவம்" என்பாள், முகமெல்லாம் மலர.

பெண்ணை மிரட்ட அவள் வைத்திருக்கும் பூச்சாண்டி நான். "வர்றவன் போறவனையெல்லாம் மூஞ்சியச் சுளிச்சா, மார்த்தா அத்தை மாதிரி அண்ணன் வீட்டுல ஊறுகாய் போட்டுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்!" நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் வருஷா வருஷம் என் வால்நட் ஊறுகாய்க்கு முதல் ஆளாக வந்து நிற்பவளும் அவள்தான்.

சென்ற வார நடனத்தில் அவள் கண் வைத்திருந்தது புதுப் பாதிரியார் கிரிம்ப் மீது. முழங்கை புத்தம் புதுசு. பெரிய வீடு, பழத்தோட்டம், சபையார் தசமபாகமாகக் கொண்டுவந்து விடும் பன்றிக்குட்டிகள். அவருடைய பேச்சும் அந்தக் குட்டிகளைத் தாண்டிப் போகாது. டார்கஸின் கண்ணோ கால்வாய்க்கு நிலம் அளக்க வந்த ஷாவின்மேல். அவன் முழங்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வேலை முடிந்து, மறுநாள் காலைத் தபால் வண்டியில் வடக்கே போகிறான். பெரியவர்கள் காதில் விழாமல் ஒரு பெண்ணோடு பேச எங்கள் ஊரில் நடனத்தை விட்டால் வேறு வழியில்லை. அன்று மீதியிருந்தது ஒரே ஆட்டம்.

ஷா அந்தக் கோடியிலிருந்து தயங்கித் தயங்கி வந்தான். அவனை முந்திக்கொண்டு கிரிம்ப் எங்களை நோக்கி வந்தார். ஒருவரை வேண்டாமென்ற பெண் அன்றிரவு வேறு யாரோடும் ஆடக்கூடாது. எங்களுக்கு அது வேதவாக்கு. சரியென்றாலும் ஷா போய்விடுவான், மறுத்தாலும் போய்விடுவான்.

"பாதிரியார் வர்றாரு. நிமிந்து உக்காருடி."

"சரிம்மா" என்றாள் டார்கஸ். அழவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அம்மாளின் விசிறி நின்றது. "மார்த்தா, எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கைய நீட்டிக்கிட்டு வந்தாரு. வேணாம்னா ராத்திரி பூரா உக்காரணுமேன்னு எந்திரிச்சேன். கண்ண மூடுற வரைக்கும் அந்த மனுஷன் டர்னிப் பயிரத் தவிர வேற பேச்சே பேசலடி."

எனக்குச் சிரிப்பு வந்தது, டார்கஸைப் பார்த்ததும் நின்றது.

கிரிம்ப் எதிரே வந்து நின்று, குனிந்து, கையை நீட்டினார். "இந்தக் கடைசி ஆட்டத்துக்கு..."

அவர் வாயில் பெயர் வருவதற்குள் அம்மாள் எழுந்துவிட்டாள். "ஐயையோ, என்னையா கேக்குறீங்க? முட்டிவலிதான். இருந்தாலும் பாதிரியார் பேச்சத் தட்டலாமா!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி, நீட்டிய கையை இறுகப் பற்றிக்கொண்டு, திகைத்துப்போன மனிதரை, தயங்கி நின்ற ஷாவைத் தாண்டி, மண்டபத்தின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.