ஊர் முழுக்கப் போட்டாலும் போடாத பிள்ளை தனியத்தான்

எங்கள் அக்கா வங்காலையில் பிறந்தார். ஐயா கடலுக்கும் போனார், மழை பெய்த வருடங்களில் வயலும் செய்தார். இரண்டிலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். அக்கா மூத்தவர், பத்து வருடம் கழித்து நான். அக்கா குடும்பநல உத்தியோகத்தராக, ஊர்ச் சனம் சொல்வதுபோலக் கிளினிக் மிஸ்ஸாக, படுக்கையில் விழும்வரை வேலை செய்தார். திருமணம் செய்யவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலரின் பிள்ளைகளை முதன்முதலில் தராசில் வைத்து நிறை பார்த்தவர் அவர்தான்.

அக்காவின் நற்குணங்களைப் பற்றிப் பங்குத்தந்தை முன்பக்கத்தில் எழுதியிருக்கிறார். நான் எழுத வந்தது வேறு விடயம். என் மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது அக்காவின் கவனயீனத்தால் என்று எங்கள் உறவுக்குள் ஒரு கதை உண்டு. செத்தவீட்டில்கூட இரண்டு பேர் அதைக் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. அந்தக் கதை பாதிதான் உண்மை. மற்றப் பாதி எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

சண்டை எங்கள் பக்கம் வந்தபோது ஐயாவும் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு படகில் இந்தியாவுக்குப் போனார்கள். அக்காவுக்கு அப்போதுதான் மருத்துவிச்சிப் பயிற்சிக்குக் கடிதம் வந்திருந்தது. வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். “எல்லாரும் போனா இஞ்ச பிள்ளை பெறுறவைக்கு ஆர் நிக்கிறது?” என்று அவர் ஐயாவிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஐயா கோபத்தோடு எங்களைப் படகுக்குக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஐயாவும் அம்மாவும் அங்கே அகதி முகாமிலேயே காலமானார்கள். அக்கா இங்கே எத்தனை முறை இடம்பெயர்ந்தார், எத்தனை மரத்தடியில் பிரசவம் பார்த்தார் என்பதை அவரோடு வேலை செய்தவர்கள்தான் சொல்லவேண்டும். கேட்டால் அவர் கதையை மாற்றிவிடுவார்.

முகாமில் நான் உயிலங்குளத்தைச் சேர்ந்தவரைத் திருமணம் செய்தேன். மகனும் அங்கேதான் பிறந்தான். அவனுக்கு நான்கு வயது நடக்கும்போது நாங்கள் திரும்பி வந்து, கணவரின் காணியில் தகரக் கொட்டில் போட்டுக் குடியேறினோம். வீட்டைச் சுற்றி வயலும் குளமும். வந்த மூன்றாம் நாள் அக்கா தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். இருபது வருடத்துக்கு மேல் பிரிந்திருந்தவர்கள் நாங்கள். அழுதோம், மீன் வாங்கிச் சமைத்தோம், சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு நான் மகனின் இந்தியத் தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டினேன். எல்லாக் கட்டத்திலும் திகதியும் கையெழுத்தும் இருந்தன. அக்கா மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “எல்லாம் போட்டுத்தான் இருக்கு” என்றார்.

அவர் விட்ட பிழை இதுதான். இந்தியாவில் நாங்கள் இருந்த பகுதியில் அந்நாட்களில் மூளைக்காய்ச்சல் ஊசி போடுவதில்லை. அதனால் அந்த அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை. இல்லாத கட்டம் வெறுமையாகத் தெரியாதுதானே.

ஆனால் அன்று அக்கா இன்னொன்றும் சொன்னார். “வியாழக்கிழமை பிள்ளையையும் இந்தக் கார்ட்டையும் கிளினிக்குக்குக் கொண்டு வா. அங்க வைச்சு எங்கட கொப்பியில மாத்தி எழுதவேணும்.” மாற்றி எழுதும்போது இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விடுபட்டது எதுவும் அந்த இடத்தில் அகப்பட்டுவிடும். நான் “ஓம் அக்கா, வாறன்” என்றேன். போகவில்லை. அடுத்த கிழமையும் சொல்லி அனுப்பினார், அப்போதும் போகவில்லை. மிஸ் என்னுடைய சொந்த அக்கா, அவரே வீட்டில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார், பிறகு ஏன் வெயிலில் போய் வரிசையில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். வேறு யாராவது மிஸ்ஸாக இருந்திருந்தால் பயத்திலாவது போயிருப்பேன்.

மாரிகாலத்தில், காலபோக வயல்களில் தண்ணீர் நின்ற மாதத்தில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரியில் நாட்கணக்காகக் கண் திறக்காமல் கிடந்தான். முள்ளந்தண்டில் நீர் எடுத்துச் சோதித்த பிறகு டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். கிருமி நுளம்பால் வந்தது. கடிபட்ட எல்லோருக்கும் இப்படி ஆகாது, ஆனால் மூளைக்கு ஏறிவிட்டால் அதைக் கொல்ல மருந்து இல்லை. ஊசி போட்ட பிள்ளையின் உடம்பு அந்தக் கிருமியை முன்பே அறிந்து வைத்திருக்கும், உள்ளே வந்ததும் எதிர்த்து நிற்கும் என்றார். பிறகு, “இவருக்கு அந்த ஊசி போட்டதோ?” என்று கேட்டார்.

நான் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தேன். அக்கா, “இல்லை டொக்டர். நான்தான் பார்க்காம விட்டனான்” என்றார். உறவினர் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். கிளினிக்குக்கு வரச்சொன்னதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மகன் பிழைத்தான். வலது கை சரியாக எழும்பாது, பேச்சும் கொஞ்சம் மெதுவாக வரும். நான் அக்காவோடு ஒரு வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தேன். அவரில் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

அந்த ஒரு வருடத்தில் அக்கா செய்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். தன் பிரிவில் இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பம் ஒவ்வொன்றின் வீட்டுக்கும் போயிருக்கிறார். பாப்பாமோட்டைப் பக்கம் தன் பிரிவு இல்லை என்று தெரிந்தும், அங்கிருந்த மிஸ்ஸோடு சேர்ந்து போயிருக்கிறார். அட்டையை வீட்டில் வைத்துப் பார்க்கவே மாட்டாராம். “கார்ட்டை உள்ள வையுங்கோ. கிளினிக்கில பாப்பம், வராட்டி நான் திரும்ப வருவன்” என்பாராம். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போட்டிருக்கிறார்கள், எங்களுடையதற்கு ஒன்றும் வராது என்று ஒரு தகப்பன் சொன்னதற்கு அக்கா சொன்ன பதிலை அந்தத் தகப்பனே எனக்குச் சொன்னார்:

“சின்னமுத்துக் காய்ச்சல் ஆளில இருந்து ஆளுக்குத் தொத்துறது. எல்லாருக்கும் போட்டா, போடாத ஒண்டு ரெண்டும் தப்பும். இது அப்பிடியில்லை தம்பி. கொக்கிலயும் பண்டியிலயும் இருந்து நுளம்பு கொண்டு வாறது. ஊர் முழுக்கப் போட்டாலும் போடாத பிள்ளை தனியத்தான் நிக்கும்.”

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். ஒன்பது மாதம் நிறைந்த கிழமை, நானாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் இருந்தேன். என் முறை வந்ததும் அக்கா கொப்பியை வாங்கி எழுதினார். ஊசியை எடுக்கவில்லை. “நான் போடமாட்டன். மற்ற மிஸ் போடுவா. நீ பிள்ளையின்ர காலை இறுக்கிப் பிடி” என்றார். மகள் வீரிட்டாள். அக்கா திரும்பி நின்று கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து நாங்கள் பேசத் தொடங்கினோம். ஆனால் அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரல்வரை வந்திருந்தது. கடைசி நான்கு மாதமும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். இப்போது வளர்ந்துவிட்ட என் மகன்தான் அவரை நிமிர்த்தி இருத்துவான், இடது கையால் கஞ்சி பருக்குவான். ஒருநாள் அப்படிப் பருக்கும்போது அக்கா அவனிடம், “உன்ர கை இப்பிடி ஆனதுக்கு நான்தான் காரணம், தெரியுமோ?” என்று கேட்டார்.

நான் வாசலில் நின்றேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. “பெரியம்மா ரெண்டு தரம் கிளினிக்குக்கு வரச் சொன்னவ. நான்தான் உன்னைக் கொண்டு போகேல்ல” என்றேன்.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “சரி, ரெண்டு பேரும் சொல்லிப்போட்டியள். பெரியம்மா, ஆறமுதல் குடியுங்கோ” என்றான்.

வீட்டுக்கே வந்து ஊசி மருந்து ஏற்றிய தாதிக்கும், கேட்ட நேரமெல்லாம் தன் வானை ஓட்டிக்கொண்டுவந்து காசு வாங்க மறுத்த எருக்கலம்பிட்டி நானாவுக்கும், கடைசி நோயில்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கும், வங்காலையிலிருந்து வந்து சமையலைப் பொறுப்பெடுத்த உறவுகளுக்கும், சவப்பெட்டி தூக்கிய உயிலங்குளத்து இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று நினைவுத் திருப்பலிக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.

அன்று கஞ்சி பருக்கி முடித்து மகன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போன பிறகு அக்கா என் கையைப் பிடித்தார். “இதை வெளியில சொல்லிப்போடாத. சனம் உன்னைக் கதைக்கும். நான் போறவள், என்னிலயே இருக்கட்டும்” என்றார். அப்போதும் நான் “ஓம் அக்கா” என்றுதான் சொன்னேன்.