நிலாவெளிப் பாடு

காலை ஏழு மணிக்கு வரவேண்டிய நிலாவெளி பஸ் திருகோணமலை நிலையத்துக்கு எட்டேகாலுக்கு வந்து சேர்ந்தது. பத்து மைல் பயணத்துக்கு வழியில் மூன்று தடவை நின்றது. ஓரிடத்தில் டிரைவர் இறங்கித் தேத்தண்ணி குடித்தார்.

"நேரம் போகுது அண்ணை" என்றேன்.

"கடல் எங்க ஓடிப்போகப் போகுது தம்பி?" என்றார். எனக்கு ஏறிய எரிச்சலைச் சொல்லி முடியாது.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபின் பட்டினம் சோர்ந்து கிடந்ததாம். பிறகுதான் வடக்குப் பக்கத்து மணல் அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் எழும்பின. இப்போது ஜெர்மன்காரர் வந்து முதுகைக் காயவைக்கிறார்கள். இந்தப் புதினத்தைப் பார்க்கத்தான் கொழும்புக் கந்தோரில் லீவு எடுத்தேன். ஹோட்டலில் ஒரு தேத்தண்ணி மூன்று ரூபா, அதுவும் ஆறியது!

பத்தரைக்கு ஹோட்டல் மனேஜர் என்னிடம் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த கிளார்க் அன்று வரவில்லை. முன்னால் உள்ள கரையில் வலை இழுக்கும் முருகேசுவிடம், அங்கே வேலி போடலாமா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

கேட்டேன். முருகேசு தலையைச் சொறிந்தார். "அது எங்கட பாடு ஐயா. வேற என்னத்தைச் சொல்ல?"

அது அவர்கள் பாடு, எப்படியோ பார்த்துக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொண்டு, ஆட்சேபமில்லை என்று மனேஜருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு மணிக்குக் கரைக்குப் போனால் கட்டை நடுகிறார்கள். முருகேசு வலைக் கயிற்றோடு நின்றார்.

"என்னையா சொன்னனீங்கள் அவருக்கு? பாடு எண்டால் கரைவலை இழுக்கிற இடம். அப்பு காலத்திலயிருந்து இது எங்கட பாடு. இருபது குடும்பம் இதில இழுத்துத்தான் சோறு தின்னுது. இனி வேற பாட்டுக்காரர் தங்கட இடத்தில எங்களை இழுக்க விடமாட்டினம்."

காலை முழுக்க ஊராரை ஏசியவன், அப்போது என்னையே ஏசிக்கொண்டு ஓடினேன். கொழும்பிலுள்ள ஹோட்டல் முதலாளிகளுக்குத் தொலைபேசியில் அறிவித்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார் மனேஜர். கெஞ்சினேன், கத்தினேன். அவர் எனக்கு ஒரு சோடா தருவித்தார்.

நாலரை பஸ்ஸுக்காக நான் றோட்டில் நின்றபோது முருகேசு வந்தார். சண்டைக்கு வரவில்லை.

"அந்த மனிசனுக்குத் தமிழ் தெரியாது, சரி" என்றார். "நீங்கள் தமிழ்தானே ஐயா?"