நான் ஏறாத படகு

எனக்கு வயது எண்பத்து நான்கு. பெற்றது நான்கு, வளர்த்தது ஒன்பது. நாத்தனார் போய்ச் சேர்ந்தபின் அவள் பிள்ளைகள் மூன்று பேரையும் என் பிள்ளைகளோடு சேர்த்துத்தான் வளர்த்தேன். கடைசி இரண்டு பேர் அமெரிக்காவில் என் மூத்த மகனுக்குப் பிறந்தவர்கள். ஒன்பது பேரில் ஒருத்தரையும் பசியோடு தூங்க வைத்ததில்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனாலும் எந்தப் பத்திரத்திலும் நான் கைநாட்டு வைத்ததில்லை, கையெழுத்துத்தான் போட்டிருக்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி, கோபியில் என்னோடு இருப்பவள், "சின்ன வயசு ஞாபகம் ஏதாச்சும் எழுது அமுச்சி" என்று நோட்டு வாங்கிக் கொடுத்தாள். என் சின்ன வயதில் எருமை இருந்தது, சாணி இருந்தது. அதைப் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? நான் எழுதப்போவது அமெரிக்காப் பேத்தியின் சின்ன வயதில் நடந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. தொண்ணூற்று எட்டாம் வருடம்.

கலிபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் மகன் வீடு. அவனும் மருமகளும் கம்ப்யூட்டர் வேலை. காலை ஏழு மணிக்குக் காரில் ஆளுக்கொரு பக்கம் ஃப்ரீவேயில் ஏறினால் இருட்டும்போதுதான் திரும்புவார்கள். அந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் அப்போது ஒரு முறை இருந்தது. குழந்தை பிறந்தால் முதல் ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவள் வருவாள். அவள் விசா முடிந்து விமானம் ஏறுகிற வாரம் பையனைப் பெற்றவள் வந்து இறங்குவாள். லிவர்மோர் கோயிலில் எங்கள் வயதுக்காரிகள் பார்த்துக்கொண்டால் பேர்கூடக் கேட்க மாட்டோம். "நீங்க மொத ஆறு மாசமா, ரெண்டாவது ஆறு மாசமா?" என்றுதான் கேட்போம். முதல் ஆறு மாதக்காரிக்குப் பிள்ளை போட்ட இடத்தில் கிடக்கும். இரண்டாவது ஆறு மாதக்காரிக்குத் தவழ்ந்து ஓடும், இடுப்பு கழன்று போகும். நான் இரண்டாவது, பேத்திக்குப் பிறந்த தம்பிக்காக வந்திருந்தேன்.

சம்பந்தியம்மாள், அதாவது மருமகளின் அம்மா, முதல் பிரசவத்துக்குப் போனபோது அவளை நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு அவள் நின்ற போட்டோவை ஈரோடு ஜில்லாவில் பார்க்காதவர்கள் இல்லை. என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினாள். "என்ன தண்ணிங்கறீங்க!" என்றாள். நான் காபி கொடுத்து அனுப்பினேன்.

பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள். அலாஸ்கா என்ற இடத்தில் பனி, மலைமேலிருந்து ஆறு மாதிரி இறங்கிக் கடலுக்குள் உடைந்து விழுமாம். படத்தில் அது நீலமாக இருந்தது.

"ஐஸ் எங்காச்சும் நீலமா இருக்குமா கண்ணு? பொஸ்தகத்துல அழகுக்குப் போட்டிருப்பான்."

"இல்ல அப்பத்தா, ப்ளூதான். ரியலி ப்ளூ."

அதிலிருந்து எனக்கு மனசு அதிலேயே நின்றது. வந்து மூன்று மாதம் நான் வாய்திறந்து ஒன்றும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "ஏஞ்சாமி, அந்த நீல ஐஸை நானும் ஒருக்காப் பாத்துட்டா ஊருல போயிச் சொல்லுவேனல்ல?"

"அதுக்கென்னம்மா, ஆகஸ்ட்ல லீவு போட்டுர்றேன். போலாம்" என்றான்.

அன்றைக்கே போன் கார்டு போட்டு ஊரில் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். தங்கச்சியிடம் சொன்னால் சம்பந்தியம்மாள் காதுக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

விமானத்தில் போய், அங்கே ஒரு வேன் வாடகைக்கு எடுத்து, மூன்று மணி நேரம் ஓட்டி அந்தக் கடலோர ஊருக்குப் போனோம். அதன் பேர் என் வாயில் நுழைந்ததில்லை. நமக்குத் தெரிந்த கடல் மாதிரி அது இல்லை. மணல் இல்லை, அலை இல்லை. மலைகள் தண்ணீருக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தன. இரண்டு மலைக்கு நடுவில் கடல் வாய்க்கால் மாதிரி உள்ளே நுழைந்து வந்து கிடந்தது. அதை ஃபியார்டு என்று மகன் சொன்னான். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தாளாக வைத்திருந்தான். முதல் நாள் நடந்து போய்ப் பார்க்கிற பனிமலை. இரண்டாம் நாள் படகில் போய்ப் பார்க்கிற பனிமலை. மூன்றாம் நாள் கடல் மிருகங்களை வைத்திருக்கும் கண்ணாடிக் கட்டிடம்.

முதல் நாள் தூறல். மேகம் மரத்தின் உச்சிவரை இறங்கியிருந்தது. அந்தக் கல் பாதையில் தள்ளுவண்டி போகாது, கரடி வேறு வரும் என்றார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அவர்கள் மூன்று பேரும் நடந்தார்கள். நான் வேனில் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேர் மூச்சிலும் கண்ணாடி வெளுத்துப்போய், துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் வெளியே மேகம்தான் தெரிந்தது. திரும்பி வந்த மகன், "கவலப்படாதம்மா, நாளைக்குப் போட்ல இதைவிடக் கிட்டத்துல பாக்கலாம்" என்றான்.

மறுநாள் விடியுமுன் எழுந்தேன். ஓட்டல் அறையில் குக்கரை வைத்து அரிசிம்பருப்புச் சாதம் செய்து, ஈயத் தாளில் எல்லோருக்குமாகப் பொட்டலம் கட்டினேன். கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டி, மேலே மகனுடைய ஸ்வெட்டரைப் போட்டு, குல்லாய் மாட்டி, பூட்ஸ் போட்டேன். மருமகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். குழந்தையின் பையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

படகுத் துறையில் வரிசை நின்றது. மகன் கவரை எடுத்தான். பேத்தி அதைப் பிடுங்கி, டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அப்பாக்கு ஒண்ணு, அம்மாக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. தம்பி பேபி, அவனுக்கு வேண்டாம். அப்பத்தாவுக்கும் வேண்டாமா அப்பா?"

கவரைக் கவிழ்த்துக்கூட உதறிப் பார்த்தாள். வரிசை ஓர் அடி நகர்ந்தது.

"அப்பத்தா வரல குட்டி" என்றான் மகன். பிறகு என் பக்கம் திரும்பினான், என் குல்லாயைப் பார்த்துப் பேசினான். "ஆறு மணி நேரம்மா. வெளிக்கடல் போனா ஆட்டம் ஜாஸ்தி. உனக்கு வாந்தி வந்துரும். சின்னவனை வெச்சுட்டு நீ அங்க கஷ்டப்படுவே. இப்பக் கேட்டாலும் சீட் இருக்காது, இதெல்லாம் ஒரு மாசம் முன்னாடியே புக் பண்ணது."

ஒரு மாதம் முன்னாடி. நான் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அத்தை, பால் பாட்டில் சைடு பாக்கெட்ல இருக்கு. டயப்பர் உள்ள இருக்கு. ரூம் சாவி இந்தாங்க" என்றாள் மருமகள்.

நான் சோறு கட்டிய அதே விடியற்காலையில்தான் அவள் இந்தப் பையைக் கட்டியிருக்கிறாள். ஒரே அறையில், நாலு முழத் தூரத்தில்.

என்ன சொன்னேன்? "எனக்கு எதுக்குச் சாமி இந்தக் குளிர்ல? நீங்க போயிட்டு வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சோற்றுப் பொட்டலங்கள் அத்தனையையும் பேத்தி பையில் வைத்தேன், என் பங்கையும் சேர்த்து. என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் அவன் தன் டிக்கெட்டை எனக்குக் கொடுத்திருப்பான், என் பிள்ளை அவ்வளவு கெட்டவன் இல்லை. ஆனால் கெஞ்சி வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. மாமியாரிடமே கெஞ்சாதவள், மகனிடம் கெஞ்சுவேனா?

கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவனுக்கு என் ஞாபகமே வரவில்லை. டிக்கெட் வாங்கும்போது வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணியிருப்பான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பது மட்டும் ஞாபகம் வந்திருக்கும்.

படகு போனது. பேத்தி கண்ணுக்கு மறைகிறவரை கை ஆட்டினாள்.

ஆறு மணி நேரம் நான் அந்த ஊரைத் தள்ளுவண்டியோடு சுற்றினேன். துறையில் ஆள் உயரத்துக்கு மீன்களைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார்கள். பிடித்தவன் ஒரு பக்கம் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான், வேறொருவன் மீனுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திப் போட்டோவுக்கு நின்றான். குழந்தை அழுதான், பால் கொடுத்தேன். நனைத்தான், மாற்றினேன். மேகம் இறங்கி மலைகளின் இடுப்புக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஒரு தெருமுனையில், கடை ஒன்றின் பக்கவாட்டுச் சுவர் முழுக்கப் பனிமலை வரைந்திருந்தார்கள். நீலமாகத்தான். தண்ணீரில் திமிங்கிலத்தின் வால் ஒன்று. கால் வலித்ததால் அதற்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவருக்கு ஓரமாக ஒரு குப்பைத் தொட்டி.

சாயங்காலம் படகு வந்தது. முதலில் இறங்கியது மருமகள், முகம் வெளுத்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு. வாந்தி எடுத்தது அவள்தான். மூன்று தடவையாம். இஞ்சி தட்டி வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். நான்தானே கொடுக்க வேண்டும்.

பேத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் கொட்டினாள். ஐஸ் உடைந்தபோது டமால் என்று சத்தம் வந்ததாம். சத்தம் வந்த பிறகுதான் அது விழுந்ததாம். படகு ஊஞ்சல் மாதிரி ஆடியதாம். நீர்நாய் ஒன்று மல்லாந்து படுத்துச் சிப்பியை வயிற்றில் வைத்துத் தின்றதாம்.

"நீலமாவா இருந்துச்சு?"

"ஸோ ப்ளூ அப்பத்தா! உன் சமையல் கேஸ் அடுப்பு எரியுமே, அந்த ப்ளூ!"

எவ்வளவு சரியாகச் சொன்னாள் பாருங்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அறைக்குப் போகிற வழியில் அந்தச் சுவரைப் பார்த்ததும் துள்ளினாள். "அப்பத்தா, இங்க நில்லு! அப்பா, எடு, எடு! ரியல் மாதிரியே இருக்கும்!"

மகனுக்கு முகம் தெளிந்தது. நாள் முழுக்க எதைக் கொடுத்துச் சரிக்கட்டுவது என்று தேடியிருப்பான் போல. என்னைக் குப்பைத் தொட்டி மறைகிற மாதிரி நகர்த்தி நிறுத்தினான். "சிரிம்மா" என்றான். சிரித்தேன்.

போட்டோ கழுவி வந்தபோது சுவர் என்று எந்த மூலையிலும் தெரியவில்லை. ஒரு படி தங்கச்சிக்குப் போனது, அவள் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டாள். நான் ஊர் திரும்பிய பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பனிமலைக்கே போயிட்டு வந்துட்டீங்களாமா? ஐஸ் நெசமாவே நீலமாங்க?"

இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சுற்றி எட்டுப் பேர் பார்த்தார்கள்.

"நீலந்தானுங்க. கேஸ் அடுப்பு எரியறாப்பல. ஒடைஞ்சு விழுகறப்ப மொதல்ல சத்தம் வரும், அப்பறந்தான் விழுகும்."

சம்பந்தியம்மாள் ரசம் கேட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், பட்டேன். பிறகு இருபத்தாறு வருடம், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல நன்றாக வந்தது. பொய் சொன்னதில்லை என்று பேர் எடுத்த நான், ஏழு வயதுக் குழந்தையின் கண்ணைக் கடன் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள். பேத்திக்குக் கல்யாணமாகி இப்போது கையில் ஒரு குழந்தை. கூடத்தில் உட்கார்ந்து தன் வீட்டுக்காரனிடம் சொன்னாள்: "தெரியுமா, அந்த போட்ல ஐஸ் உடைஞ்சப்ப அப்பத்தா பயந்துபோய் என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஷி வாஸ் ஷேக்கிங்."

நான் மகனைப் பார்த்தேன். அவனுக்கும் அறுபதாகப் போகிறது, தலை முழுக்க நரைத்துவிட்டது. தலையைக் குனிவான் என்று நினைத்தேன்.

"ஆமாமா, அம்மா நல்லா பயந்துட்டாங்க" என்று சிரித்தான்.

அவனைப் பெற்றவள் நான். பொய் சொல்லும்போது அவன் இடது புருவம் ஏறும். ஏறவில்லை. உண்மையென்று நம்பித்தான் சொன்னான். அன்றைக்கு என் குல்லாயைப் பார்த்துப் பேசினானே, அந்த வெட்கம்கூட அவனிடம் இப்போது இல்லை. எனக்கென்று அதுவாவது அவனிடம் இருக்கிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

பேத்தியைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்தத் துறையில் நான் ஏன் வரவில்லை என்று வாய்திறந்து கேட்டது அவள் ஒருத்திதான். பெரியவர்கள் சொன்ன காரணம் அவளுக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் அப்பத்தாவைக் கையைப் பிடித்துத் தன்னோடு படகில் ஏற்றிக்கொண்டுவிட்டாள். ஒரு பெண்பிள்ளை வீட்டில் எல்லாக் கண்ணுக்கும் முன்னால் இருந்துகொண்டே எண்ணிக்கையில் விட்டுப்போவாள் என்பது ஏழு வயதில் யாருக்குத்தான் தெரியும்? எனக்கே ஐம்பத்தெட்டில்தான் தெரிந்தது.

இவ்வளவுதான். கை வலிக்கிறது. அம்மிணி, நீ வாங்கிக் கொடுத்த இந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து சத்தமாகப் படி, என் எழுத்து உனக்குத்தான் புரியும். அமெரிக்காக்காரிக்குத் தமிழ் படிக்க வராது, காதில் விழுந்தால் புரிந்துகொள்வாள். போனில் அவளுக்குப் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்பதை நீ படிப்பதை நான் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். உன் மாமனைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் குரலை இறக்கிவிடாதே.